செல் நகர்வில் மரபணுவின் இடம்: உருளைப்புழுவின் மாப்-5 முன்வைக்கும் சான்று

வளரும் உயிரியில் ஒரு மரபணு எங்கே இயங்குகிறது என்ற கேள்விக்கு, உடலின் எந்தப் பகுதி என்று விடை சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். செல் நகர்வை ஆள்கின்ற மரபணுக்களுக்கு இவ்விடை போதாது. எந்தச் செல்லில், வளர்ச்சியின் எந்த வேளையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மரபணுவின் பணி விளங்கும். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் உருளைப்புழுவின் மாப்-5 என்ற ஹாக்ஸ் மரபணு இதற்குத் தெளிவான சான்று.

ஒளி ஊடுருவும் இப்புழுவில் ஒவ்வொரு செல்லையும் உயிரோடு பின்தொடரலாம். முட்டைக்குப் பிந்தைய செல் மரபுவழியை சல்ஸ்டனும் ஹார்விட்ஸும் 1977இல் வெளியிட்டனர். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் இடப்பக்கத்தில் கியூஎல், வலப்பக்கத்தில் கியூஆர் என இரு நரம்புமூலச் செல்கள் உள்ளன. உடலின் முன்பின் அச்சில் இரண்டும் ஒரே மட்டத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றும் மூன்று நரம்புச் செல்களைத் தருகிறது. ஆயினும் முதல் இளம்புழுப் பருவத்தில் கியூஎல்லின் வழித்தோன்றல்கள் வாலை நோக்கியும், கியூஆரின் வழித்தோன்றல்கள் தலையை நோக்கியும் நகர்கின்றன.

மாப்-5 உடலின் பிற்பகுதியில் பரவலாக வெளிப்படும் மரபணு. பகுதியை மட்டும் கணக்கில் கொண்டால் இவ்விரு செல்களின் போக்கு ஏன் வேறுபடுகிறது என்று சொல்ல இயலாது. சால்சரும் கென்யனும் 1992இல் இப்புதிரை விடுவித்தனர்: மாப்-5 கியூஎல் மரபுவழியில் இயங்குகிறது, கியூஆர் மரபுவழியில் இயங்குவதில்லை. அம்மரபணு செயலிழந்த புழுவில் கியூஎல் வழித்தோன்றல்களும் முன்னோக்கிச் செல்கின்றன. வெப்பத்தால் தூண்டப்படும் ஊக்கியோடு மாப்-5ஐ இணைத்து எங்கும் இயங்கவைத்தால் கியூஆர் வழித்தோன்றல்களும் பின்னோக்கித் திரும்புகின்றன. நகரும் செல்லுக்குள் மாப்-5 இயங்குவதே திசையைத் தீர்மானிக்கிறது.

மரபணு வெளிப்படும் இடமும் அதன் விளைவு தோன்றும் இடமும் எப்போதும் ஒன்றல்ல என்ற மறுப்பு இங்கே எழலாம். அது நியாயமானதே. மாப்-5ஐ கியூஎல்லில் தூண்டும் இஜிஎல்-20 என்ற வின்ட் புரதம் வால்பகுதிச் செல்களில் உருவாகித் தொலைவிலிருந்து செயல்படுகிறது. வாங்போவும் கென்யனும் 1999இல் காட்டியபடி, அப்புரதம் எத்திசையிலிருந்து வருகிறது என்பதைவிட எவ்வளவு கிடைக்கிறது என்பதே முக்கியம். அப்புரதம் குறைந்த அளவில் கிடைத்தாலே கியூஎல் மாப்-5ஐ இயக்குகிறது. கியூஆரில் அதை இயக்க மிகுதியான அளவு தேவை. ஆகவே சுரக்கும் புரதத்தின் மரபணுவுக்கு, வெளிப்படும் செல்லோடு அதை ஏற்கும் செல்லின் உணர்திறனையும் குறிக்க வேண்டும். இம்மறுப்பு செல்வாரியான விவரத்தின் தேவையை இன்னும் வலுவாக்குகிறது.

காலமும் இதே அளவு முக்கியம். பக்கவாட்டுத் தோல் செல்லான வி5இன் மரபுவழியில் மாப்-5 இயங்கி, அணைந்து, மீண்டும் இயங்கி, மீண்டும் அணைவதை சால்சரும் கென்யனும் 1996இல் விளக்கினர். ஒரே ஒரு பருவத்தில் எடுத்த படம் இவ்வரிசையைக் காட்டாது. பச்சை ஒளிர் புரதத்தை அடையாளமாகக் கொள்ளும் ஆய்விலும் எச்சரிக்கை வேண்டும்: மரபணு அணைந்த பின்னும் அப்புரதம் செல்லில் தங்கலாம், ஊக்கியின் ஒரு துண்டு மட்டும் முழு வெளிப்பாட்டைக் காட்டாமலும் போகலாம்.

எனவே நகர்வு மரபணுவின் வெளிப்பாட்டை அறிவிக்கும் ஆய்வு, செல்லின் மரபுவழிப் பெயரையும் வளர்ச்சிப் பருவத்தையும் தருவதோடு, அந்தச் செல்லிலேயே மரபணு தேவைப்படுகிறதா, அங்கு அதை இயக்கினாலே போதுமா என்ற இரு சோதனைகளின் முடிவையும் இணைத்துத் தர வேண்டும். இவை இல்லாத வெளிப்பாட்டுப் படம் ஒரு கருதுகோளுக்குத் தொடக்கமாகலாம், காரணத்துக்குச் சான்றாகாது.