நாய்க்குத் திரவ நுண்ணுயிர்க்கொல்லி: புட்டியைத் திறக்குமுன்

உட்லண்ட்ஸ் வீவக வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்கவேண்டும். அதனால் மின்தூக்கியில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் பூடல், ஷிட்சூ போன்ற சிறிய நாய்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இவற்றுக்குக் காதிலும் தோலிலும் தொற்று வருவது சாதாரணம். எடை குறைவு என்பதால் மாத்திரையைத் துண்டுபோடுவதைவிடத் திரவ மருந்தே வசதி.

ஆனால், காது நாறினாலே நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பல நேரங்களில் காரணம் பாக்டீரியா அன்று, மலசேசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை. அதற்கு இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. காது அழுக்கைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

அதிகம் எழுதித் தரப்படுவது அமோக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து. தூளாக வரும், தண்ணீர் கலந்ததும் சிதையத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் பொதுவாக 10 நாள்தான் தாங்கும். கதவுப் பக்கத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து மூடுவதில் சூடாகும். மிச்சத்தை அடுத்த முறைக்கென்று பத்திரப்படுத்துவது வீண்.

பிள்ளைக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. ஒரே கரண்டி, இரண்டு மடங்கு மருந்து. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும், உயிரே போகலாம். கடற்பாலம் தாண்டி ஜோகூரில் யாரோ வாங்கி வந்து கொடுத்த புட்டிக்கும் இதே எச்சரிக்கைதான்.

அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் எடை மெஷினில் ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்குமுன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே நுனியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்துத் தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அமோக்சிசிலின் வகையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தி குறையும். ஒருவேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருந்தகத்துக்கு ஓடுங்கள். வீட்டில் யாருக்காவது பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அவர் இந்தப் புட்டியைத் தொடாமல் இருப்பது நல்லது.

உண்ணிக் காய்ச்சலுக்குத் தருவது டாக்சிசைக்ளின், வழக்கமாக 28 நாள். இரண்டு, மூன்று நாளிலேயே நாய் வாலாட்டி ஓடும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சல் திரும்புகிறது. அதைப் பாலில் கலக்காதீர்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

அரைகுறையாகக் கொடுத்துப் பழகிய கிருமி, மருந்துக்கு அடங்காததாக மாறி, நாயை மடியில் வைத்துக் கொஞ்சும் வீட்டாருக்கும் தொற்றலாம். 2017இல் சிங்கப்பூர் அறிவித்த தேசியத் திட்டம் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் நான்கையும் சேர்த்தே இந்தப் பிரச்சினையைப் பார்ப்பதும் அதனால்தான். மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் நீங்களாக அளவைக் கூட்டாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.