எலுமிச்சை மரத்தின் மேல் விழுந்த பழி



மோட்டார் அறைக்குப் பின்னால் நிற்கும் எலுமிச்சை மரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை வெட்டிவிட்டு அங்கே இன்னும் ஆறு வண்டிகள் நிறுத்தலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்பது உண்மைதான். என் ஸ்கூட்டரே பாதி நாள் வெயிலில்தான் நிற்கிறது. ஆனால் அந்த யோசனையோடு "அந்த மரத்துப் பழம் கசப்பு, எதற்கும் ஆகாது" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அது கிளம்பியது எங்கள் வீட்டிலிருந்து. எனவே அதைத் திருத்தும் பொறுப்பும் எனக்கு உண்டு.

நடந்தது இதுதான். புத்தாண்டுக்கு நம் பிள்ளைகளுக்காக என் மருமகள் லெமன் கேக் செய்தாள். செல்போனில் பார்த்த குறிப்பில் "2 லெமன், சாறும் துருவிய தோலும்" என்று இருந்தது. நம் மரத்துப் பழம் சிறியது. இரண்டைப் பிழிந்தால் சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆறு பழம் பிழிந்தாள். குறிப்பு தோலையும் சொல்கிறதே என்று ஆறின் தோலையும் துருவிப் போட்டாள். கேக் நன்றாக உப்பி வந்தது, மணமும் தூக்கியது. ஆனால் வாயில் வைத்த பிள்ளைகள் துப்பிவிட்டார்கள். அன்று முதல் பழி மரத்தின் மேல்.

நான் வணிகவியல் படித்தவன். வங்கியில் எழுத்தராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேரேட்டோடு இருந்தவன். இருப்பு ஒத்துவராவிட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது, ஒரே பெயருள்ள இருவரின் கணக்கு கலந்துவிட்டதா என்பதைத்தான். கேக்கிலும் அதுதான் நடந்திருக்கிறது. இதே பெயர்க் குழப்பத்தை ஒரு பெரிய கடற்படையும் செய்தது. அதற்கு உயிர்களையே விலையாகக் கொடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இரண்டு பழம், ஒரு பெயர்

நாம் எலுமிச்சை என்பதும் ஆங்கிலேயர் லெமன் என்பதும் ஒன்றல்ல. லெமன் பெரியது, முட்டை வடிவம், நுனியில் சிறு காம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், தோல் தடிமன். நம்முடையது உருண்டை, சிறியது, தோல் காகிதம் போல மெல்லியது. ஆங்கிலத்தில் இதன் பெயர் லைம். உழவர் சந்தையில் நாம் வாங்குவதும், தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் குவிவதும் இந்த லைம்தான்.

இரண்டும் உறவுக்காரர்கள். இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாமின் கிழக்குப் பகுதி, பர்மாவின் வடபகுதி, சீனத்தின் யுன்னான் ஆகியவைதான் ஆரஞ்சுக் குடும்பத்தின் பிறப்பிடம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சிட்ரான் என்ற தடித்த தோல் பழம் இரண்டுக்கும் தந்தை வழி. தாய்தான் வேறு. லெமனுக்குத் தாய் கசப்பு நாரத்தை வகை ஆரஞ்சு. நம் எலுமிச்சைக்குத் தாய் தென்கிழக்காசியக் காட்டுப் பழம் ஒன்று. ஆக, இருவரும் ஒரு தந்தையின் பிள்ளைகள்.

பாரசீகர் லீமு என்றார்கள், அரபியர் லைமூன் என்றார்கள். அந்தச் சொல் வணிகர்களோடு மேற்கே போய்ச் சேர்ந்தது. லெமன், லைம் என்ற இரண்டு பெயர்களும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. குழப்பத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

சென்னைக்கு வந்த கப்பல்

மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய பழைய புண்கள்கூடத் திறந்துகொள்ளும், கடைசியில் உயிர் போகும். 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமா ஏறத்தாழ 170 பேரோடு புறப்பட்டவர். அவர்களில் பாதிக்கு மேல் ஊர் திரும்பவில்லை. பெரும்பாலோரைக் கொன்றது இந்த நோய்.

மருந்து எது என்பது அரைகுறையாகத் தெரிந்தே இருந்தது. 1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் நான்கு கப்பல்கள் கிளம்பின. தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர் தம் கப்பலில் மட்டும் தினம் காலையில் ஆளுக்கு மூன்று கரண்டி லெமன் சாறு கொடுத்தார். தென்னாப்பிரிக்கா வந்தபோது மற்ற மூன்று கப்பல்களின் ஆட்களுக்கு நங்கூரம் இறக்கக்கூட வலுவில்லை. இவருடைய ஆட்கள் போய் உதவ வேண்டியிருந்தது. ஆனாலும் பாடம் மறக்கப்பட்டது.

1747 மே மாதம் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும், இப்படி. ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் பழம் தின்றவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வினிகரும் புளிப்பு, கந்தக அமிலமும் புளிப்பு. இரண்டும் குணப்படுத்தவில்லை. மருந்து புளிப்பில் இல்லை என்பதற்கான சாட்சி அன்றே கையில் இருந்தது. யாரும் அதை அப்படிப் படிக்கவில்லை.

இறுதியாகச் சந்தேகம் தீர்த்தது நம் சென்னைக்கு வந்த ஒரு பயணம். சஃபோக் என்ற போர்க்கப்பல் 23 வாரம் எந்தக் கரையையும் தொடாமல் 1794 செப்டம்பரில் சென்னை வந்து சேர்ந்தது. தினம் லெமன் சாறும் சர்க்கரையும் சாராயத்தில் கலந்து கொடுத்தார்கள். ஸ்கர்வியால் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த ஆண்டுகளில் நம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கம்பெனிக்காக அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். மன்றோ தங்கியிருந்தது தருமபுரியில்தான். 1795-ல் கடற்படை முழுவதற்கும் லெமன் சாறு என்று உத்தரவானது. நோய் ஏறக்குறைய மறைந்தேபோனது.

சிக்கனம் செய்த தவறு

இங்கேதான் கணக்குக் கலப்பு வருகிறது. கடற்படையில் இந்தச் சாற்றை லெமன் என்றும் லைம் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வது வழக்கம். பழம் வந்ததோ சிசிலி, மால்ட்டா பக்கமிருந்து. 1860-களில் அதை விட்டுவிட்டு, தங்கள் சொந்தக் குடியேற்றமான மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். கொலம்பஸ் 1493-ல் ஆரஞ்சுக் குடும்ப விதைகளைக் கொண்டுபோய் இறக்கிய பகுதி அது. சொந்தத் தோட்டம், சிக்கனம், புளிப்பும் ஒரு படி கூடுதல். பேரேட்டில் தலைப்பை மாற்றவேண்டிய அவசியமே இல்லை.

1875-ல் வடதுருவம் நோக்கிப் போன நேர்ஸ் என்பவரின் குழு இந்தச் சாற்றோடு கிளம்பியது. பனியில் வண்டி இழுத்துப் போனவர்கள் பெரும்பாலும் சாற்றை உடன் கொண்டுபோகவில்லை என்பது உண்மை. ஆனால் கப்பலில் தவறாமல் குடித்தவர்களையும் நோய் விடவில்லை. 1876-ல் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினார்கள். கடற்படைத் தலைமை விசாரணை நடத்தியது. பழம் மாறியதை யாரும் கேட்கவில்லை. காலப்போக்கில் "பழச்சாறு மருந்தே அல்ல, கெட்டுப்போன டப்பா இறைச்சிதான் காரணம்" என்று மருத்துவர்களே பேச ஆரம்பித்தார்கள். நூறாண்டு அனுபவம் ஒரு பெயரால் வீணானது.

அதன் விலையை நம்மவர்களும் கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் இன்றைய ஈராக்கில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியில் விழுந்தார்கள். அவர்களுக்கு அனுப்பிய பதப்படுத்திய லைம் சாறு பயன் தரவில்லை.

1918-ல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழியரும் சீமைப் பெருச்சாளிகளை வைத்துச் சோதித்தார்கள். லைம் சாற்றுக்கு லெமன் சாற்றின் கால்பங்கு சக்திதான், பதப்படுத்தியதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று கண்டார்கள். அவர்களில் ஒருவரான ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் பழைய ஆவணங்களைப் புரட்டி, எந்த ஆண்டில் எந்தப் பழம் என்று பிரித்து எழுதினார். அப்போதுதான் இரண்டு கணக்கும் தனித்தனியானது. மருந்தின் பெயர் வைட்டமின் சி என்பது அதற்குப் பிறகு தெளிவானது. அதைப் பிரித்தெடுத்த சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் அடுப்படிக்கு வருவோம்

அப்படியானால் நம் எலுமிச்சை மட்டமா? இல்லை. இன்றைய உணவு அட்டவணைகளில் 100 கிராம் லெமன் சாற்றுக்குச் சுமார் 40 மில்லிகிராம், லைம் சாற்றுக்குச் சுமார் 30 மில்லிகிராம் வைட்டமின் சி. புதிதாகப் பிழிந்தால் வித்தியாசம் பெரிதில்லை. கெடுத்தது பெரும்பாலும் சேமிப்பும், சூடும், செம்புப் பாத்திரமும்தான். இந்த வைட்டமினைச் செம்பு வேகமாக அழிக்கும். அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. அந்த நெல்லியில் எலுமிச்சையைவிட இந்தச் சத்து பல மடங்கு.

என் அம்மா எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்து, தாளிப்பு சற்று ஆறிய பிறகுதான் சாறு விடுவார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கசந்துடும்" என்பது அவர் சொன்ன காரணம். பித்தளையில் பிழிந்தால் களிம்பு ஏறும் என்று ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில்தான் போடுவார். வைட்டமின் என்ற சொல் அவருக்குத் தெரியாது. செய்முறை மட்டும் சரியாக இருந்தது.

இனி கேக். குறிப்பில் 2 லெமன் என்றால் நம் பழம் ஆறின் சாறு சரி. தோல் மட்டும் இரண்டு பழத்துக்குத்தான் துருவவேண்டும். நம் பழத்தின் தோல் மெல்லியது. இரண்டு தேய்ப்பு அதிகமானாலே உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி வந்துவிடும், கசப்பு அதில்தான் இருக்கிறது. மேல் மஞ்சளை மட்டும் லேசாகத் தேய்த்து எடுங்கள். சாறும் சோடா உப்பும் சேர்ந்த உடனே நுரைக்கும், அதனால் கலந்ததும் காத்திருக்காமல் அடுப்பில் வைத்துவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்புப் பரப்பி, ரப்பரும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் செய்யலாம். கேக்கில் வைட்டமினைத் தேடவேண்டாம், அங்கே எலுமிச்சை மணத்துக்கும் ருசிக்கும்தான்.

பொங்கலுக்கு மறுநாள் மருமகள் இப்படியே மறுபடி செய்தாள். அதே மரம், அதே ஆறு பழம். தட்டு காலியானதற்குப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

பொதுக்குழுவுக்கு வருமுன் ஒரு பழம் பறித்து, ஒரு தம்ளர் தண்ணீரில் பிழிந்து குடித்துப் பாருங்கள். வாக்கெடுப்பில் நான் மரத்துக்காகக் கை தூக்குவேன். இடநெருக்கடிக்காக வெட்டுவதென்று பெரும்பான்மை சொன்னால் கட்டுப்படுவேன். அப்படி ஆனால், தீர்மானத்தில் இடநெருக்கடி என்று மட்டும் எழுதுங்கள். கசப்பு என்று எழுதவேண்டாம்.