விண்ணில் ஒரு தராசு

தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும் செங்கல், பாறசாலை எல்லைப்புறத்தில் வாழும் நம்மவர்க்கு, வானநூல் என்பது எங்கோ தொலைதேசத்தார் பயிலும் வித்தை என்றோர் எண்ணம் உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். பெருங்கல்வி நமக்கு இல்லை. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எண்ணியும் நிறுத்தும் எழுதியும் பழகிய கையே நமக்குள்ள தகுதி. எனினும் இங்குப் பேசப்போகும் செய்தியும் எண்ணுதல், நிறுத்தல் பற்றியதே.

எக்ஸ்-கதிரை ராண்ட்ஜன் 1895இல் கண்டறிந்தார். உடலை ஊடுருவும் அக்கதிர், பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலத்தை மட்டும் கடந்து தரையை எட்டுவதில்லை. ஆகவே, விண்மீன்களினின்று வரும் எக்ஸ்-கதிரைக் காண விரும்புவோர் கருவியை மேலே அனுப்பியே ஆகவேண்டும். 1962 ஜூன் 18இல் அமெரிக்காவில் ஜியாக்கோனி குழுவினர் ராக்கெட்டில் கைகர் எண்ணிகளை ஏற்றி அனுப்பினர். சில நிமிடங்களே நீடித்த அப்பயணத்தில், விருச்சிக மண்டலத்தின் திசையில் வலிய எக்ஸ்-கதிர் ஊற்று ஒன்று புலப்பட்டது. அப்பணிகளுக்காக 2002இல் ஜியாக்கோனி நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

கைகர் எண்ணிக்கு ஒரு குறை உண்டு. கதிரின் ஒளித்துகள் ஒன்று உள்ளிருக்கும் வாயுவின் அணுவைத் தாக்கி எலெக்ட்ரானை வெளியேற்றும். அது பல்கிப் பெருகி மின்துடிப்பாகும். துகள் வலியதாயினும் மெலியதாயினும் துடிப்பு ஒரே அளவினதே. மூட்டைகளை எண்ணுவான், எடை எழுதான். அடுத்து வந்த விகிதமுறை எண்ணியோ துகளின் ஆற்றலுக்கேற்பத் துடிப்பையும் கூட்டிக் குறைத்துக் காட்டும். எண்ணுபவன் நிறுப்பவனும் ஆயினான்.

இத்தகைய கருவியே நம் கடற்கரையினின்றும் எழுந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதற்கென மீனவ மக்கள் தம் குடியிருப்பை விட்டு வேறிடம் பெயர்ந்தனர்; புனித மரிய மதலேனாள் ஆலயம் அறிவியலாரின் அலுவலகமாயிற்று. விண்ணை அறிய மண்ணை விட்டுக்கொடுத்த அவ்வெளியோரை நாம் மறத்தலாகாது. அத்தும்பாவிலிருந்தே 1968இல் யு. ஆர். ராவ் குழுவினர் ராக்கெட் வழியே விருச்சிகத்து ஊற்றையும் சென்டாரஸ் மண்டலத்து ஊற்றொன்றையும் ஆராய்ந்தனர்.

பின்னர்ச் சிலிக்கான் தகடுகள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 3.65 எலெக்ட்ரான் வோல்ட்டிற்கு ஓர் எலெக்ட்ரான் விடுபடும். 5,900 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள் ஏறத்தாழ 1,600 எலெக்ட்ரான்களைத் தரும். அவற்றை எண்ணித் துகளின் ஆற்றலைக் கணிப்பர். ஆயினும் ஒரே ஆற்றலுள்ள துகள்கள் எப்பொழுதும் ஒரே எண்ணிக்கையைத் தருவதில்லை. சற்றுக் கூடும், சற்றுக் குறையும். இரு துகள்கள் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் விழுந்தால், இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பேரெடை எழுதிவிடும். ஆதலின், எந்த ஆற்றலுக்குக் கருவி எவ்வெவ்வாறு விடை தரும் என்று முன்னரே அளந்து அட்டவணை வகுத்து, அதன் துணைகொண்டே வானத்தின் கணக்கைப் படிப்பர்.

இத்தகடுகளைத் தாங்கிய பெருந்தொலைநோக்கி ஒன்று 1999 ஜூலை 23இல் அமெரிக்காவினின்று விண்ணேகிற்று. நோபெல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்குச் 'சந்திரா' எனப் பெயர். 1910இல் அவர் லாகூரில் பிறந்தபொழுது, அவர்தம் தந்தையார் அங்கு வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரி. சொந்த மண்ணை நீங்கி ரயில்வேப் பணிக்குச் சென்ற தமிழ்க்குடும்பத்தின் பிள்ளை அவர் என்பது நம்மவர் எண்ணி மகிழத்தக்கது.

சந்திரா ஏவப்பட்ட சில வாரங்களிலேயே ஓர் இடர் நேர்ந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கடக்கையில், கதிரைக் குவிக்கும் கண்ணாடிகளே புரோட்டான்களையும் தகடுகள்மேல் செலுத்திவிட்டன. பத்துத் தகடுகளுள் எட்டு பழுதுற்றன. அவற்றில் எலெக்ட்ரான்கள் வழியிலேயே சிக்கிக் குறைந்தன. எடை குறைத்துக் காட்டும் தராசாயின. ஆயினும் அறிஞர் அவற்றை எறிந்துவிடவில்லை. தகடுகளை மேலும் குளிர்வித்தனர்; வளையங்களைக் கடக்கும்பொழுது குவியத்தினின்று விலக்கி வைத்தனர். ஆற்றல் நன்கறிந்த கதிரைத் தரும் இரும்பு-55 ஊற்றால் இழப்பை அளந்து, கணக்கைத் திருத்தினர்.

இதனைப் படித்தபொழுது நம் பழைய தவறொன்று நினைவில் தைத்தது. பணியில் சேர்ந்த புதிதில், படிக்கல் வைத்துச் சோதியாமலே தராசொன்றை நம்பினோம். எளிய வணிகர் ஒருவர் பல நாள் மிகுதியாகக் கட்டணம் செலுத்தினார். பின்னரே பிழை தெரிந்தது. பணம் திரும்பிற்று; அவர் பார்த்த பார்வை மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

2015 செப்டம்பர் 28இல் சிறீஹரிகோட்டாவினின்று எழுந்த ஆஸ்ட்ரோசாட்டிலும் செனான் வாயு நிறைத்த எண்ணிகள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்றில் வாயு கசிந்தது; 2018இல் அதனை நிறுத்தினர். அது முன்னர் அளித்த பதிவுகளுக்கும், கசிவின் அளவறிந்து அட்டவணையைத் திருத்திப் பயன்கொண்டனர்.

பிழையே அறியாத கருவி மண்ணிலும் இல்லை, விண்ணிலும் இல்லை. தன் பிழையின் அளவை அறிந்து எழுதும் கணக்கே மெய்க்கணக்கு. நம் காலனிச் சிறாரை ஒருநாள் தும்பாவிற்கு அழைத்துச் செல்வோம். இன்று விண்வெளி அருங்காட்சியகமாய் விளங்கும் அவ்வாலயத்தில் நின்று அவர்கள் வினவட்டும். விடை தெரிந்தவற்றைச் சொல்வோம். தெரியாதவற்றைத் தெரியாதென்றே சொல்வோம். அதுவே அவர்கட்கு நாம் கற்பிக்கும் முதற்பாடமாகுக.