நெல் விலையும் புரோநோட்டும்

1929-ஆம் வருஷத்துக் கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நேர்ந்த வீழ்ச்சி, கடல்களைத் தாண்டிச் சென்னை ராஜதானியின் நெற்களங்களை வந்தடைய நெடுநாள் பிடிக்கவில்லை. சில வருஷங்களுக்குள் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய கிஸ்தியும், லேவாதேவிக்காரரிடம் எழுதிக் கொடுத்த புரோநோட்டும் ரூபாய்க் கணக்கில் ஏற்பட்டவையாதலால், அவற்றில் ஒரு காசும் குறையவில்லை. பத்துக் கலம் நெல்லை விற்றுத் தீர்த்திருக்கக்கூடிய கடனுக்கு இருபது கலம் அளக்க வேண்டிவந்தபோது, குடியானவன் புதிதாக ஒரு ரூபாயும் கைநீட்டி வாங்காமலே அவனுடைய கடன் இரட்டித்துவிட்டது. 1931-இல் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்ட பின்னர் தங்கத்தின் விலை ஏறவே, பெண்டிரின் கழுத்திலும் கையிலும் கிடந்த நகைகள் விலைபோய்க் கப்பலேறின.

ராஜதானியின் கிராமக் கடன் சுமார் 200 கோடி ரூபாய் இருக்குமென்று, இதை விசாரிக்க நியமிக்கப்பட்ட சத்தியநாதன் 1935-இல் மதிப்பிட்டார். அடுத்த வருஷம் கடன் சமரசச் சட்டம் ஒன்று வந்தது. கடன் கொடுத்தவர்களின் இசைவையே அது நம்பியிருந்தபடியால், பெரும்பயன் விளையவில்லை.

1937 ஜூலையில் ராஜாஜியின் மந்திரிசபை பதவியேற்றது. 1938 மார்ச் 22-ஆம் தேதி அமலுக்கு வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், இந்த நோயின் மூலத்தையே தொட்டது என்பது என் துணிபு. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரையில் நிலுவையாயிருந்த வட்டி முழுவதையும் அது தள்ளிவிட்டது. முதலுக்கு இரட்டிப்பான தொகையை ஒருவன் முன்பே செலுத்தியிருந்தால், அந்தக் கடன் அத்துடன் தீர்ந்ததென விதித்தது. தவணைதோறும் வட்டியை முதலோடு சேர்த்துப் புதுப் புரோநோட்டு எழுதி வாங்கும் வழக்கத்தினால், முதலில் நூறு ரூபாய் வாங்கியவன் சில வருஷங்களில் முந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்திட்டவனாக நிற்பது அக்காலத்தில் சர்வ சாதாரணம். எத்தனை பத்திரங்கள் மாறியிருந்தாலும் ஆதியில் கொடுத்த ரொக்கமே முதலென்று சட்டம் கூறியபோது, அந்தப் பத்திரச் சங்கிலி முழுவதும் அறுந்து வீழ்ந்தது. வட்டி முதலை மிஞ்சலாகாது என்ற நமது பழைய தர்ம சாஸ்திர நியாயம், நெடுங்காலத்துக்குப் பின் ஒரு நவீன சட்டத்தினுள் உயிர்பெற்றதாகவே இதைக் கருதத் தோன்றுகிறது. 1932-க்குப் பிற்பட்ட கடன்களுக்கு வட்டி நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற்படலாகாதென்றும், இனி வாங்கப்படும் கடன்களுக்கு ஆறேகால் வீதத் தனிவட்டியே உச்சமென்றும் ஏற்பட்டது. வேறு சொத்தில்லாத ஸ்திரீ ஒருத்தி கடன் கொடுத்திருந்து, முதல் 3,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், அவளுடைய கடனைச் சட்டம் தீண்டவில்லை. கணவனை இழந்து, வட்டிப் பணத்தைக் கொண்டே ஜீவனம் நடத்திய பெண்களை நினைவில் வைத்து எழுதிய அந்த ஷரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடன் கொடுப்போர் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டதும், உழவுக்கும் விதைக்கும் பணம் கிடைக்காமல் சிறு குடிகள் அலைந்ததும் மெய்யே. ஆயினும் என்னை அதிகமாக வருத்துவது வேறொன்று. நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதையோ, சட்டம் ஏற்ற குடிவார உரிமையோ உடையவனையே சட்டம் விவசாயி என்றது. சேற்றில் இறங்கி நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்துக் குவித்த பண்ணையாளுக்குத் தன் பெயரில் ஒரு சாண் பூமியும் இல்லாமையால், அந்தச் சொல்லுக்குள் அவன் அடங்கவில்லை. பின்னர் யுத்தகால விலையேற்றம் நெல் விற்பவனுக்குக் கைகொடுத்தது. நெல்லை விலைக்கு வாங்கியுண்ணும் கூலியாளுக்கோ அதுவே புதுப் பாரமாயிற்று. யுத்தம் முடிந்த சமயத்தில் பேராசிரியர் நாராயணஸ்வாமி நாயுடு மீண்டும் கிராமக் கடனை ஆராய்ந்தபோது, பெருநிலக்காரரின் கடன் இறங்கியிருந்தது. நிலமற்ற தொழிலாளியின் கடன் ஏறியிருந்தது.

தஞ்சை ஜில்லாவின் பண்ணையாட்களுக்கும் குத்தகைக் குடிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம், ராஜாஜி இரண்டாம் முறை தலைமைப் பதவியிலிருந்த 1952-ஆம் வருஷத்தில்தான் பிறந்தது.