ஐந்து வாட் வரிசை

மேலூர்ப் பக்கத்து வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி. ஹாம் ரேடியோவிலும் அதே நியாயம்தான். 1948இல் தொடங்கிய சிக்யூ உலகப் போட்டியில் இன்று 1500 வாட் வரை ஒரு பிரிவு, 100 வரை ஒன்று, 5 வாட்டுக்குள் ஒன்று. எந்த நிலையம் எந்த அலைவரிசையில் என்று கணினி வலை காட்டிக்கொடுக்கத் தொடங்கியபின், அதைப் பார்த்து ஆடுவோரும் தனிப் பிரிவானார்கள். சரியான முடிவு. வாட் பிரிவுகளும் நமக்கு வேண்டியவையே: இந்தியாவில் நம் பொது நிலை ஹாம் உரிமத்துக்கு உச்சவரம்பே 400 வாட்.

நான் 5 வாட்காரன். திருப்பரங்குன்றத்து மொட்டைமாடி, தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே செம்புக்கம்பி. நவம்பர் மழையிரவு, மோர்ஸில் ஒரு ஜப்பான்காரர் என் அழைப்புக்குறியை மூன்று முறை கேட்டு வாங்கினார். இந்தப் போட்டியில் பரிமாற வேண்டிய மண்டல எண் அவருக்கு 25. நடுங்கும் விரலால் நம் 22ஐத் தட்டினேன்.