நிமிர்ந்த குழாயும் படுத்த குழாயும்: பழைய டிராக்டர் சைலன்சரின் வரலாறு

பண்ணை டிராக்டரில் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் முன்னால் அழிந்துபோவது சைலன்சர். என்ஜின் பிளாக்கும் கியர் பெட்டியும் கனத்த வார்ப்பிரும்பு. எண்ணெய் விட்டுப் பேணினால் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். சைலன்சரோ மெல்லிய தகட்டை உருட்டிப் பற்றவைத்த உருளை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் அந்த ஆவி சைலன்சருக்குள் நீராகத் தங்கி, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். நாள் முழுக்க உழும் டிராக்டரைவிட, கொட்டகையிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து கொட்டகைக்கும் மட்டும் ஓடும் டிராக்டரின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாவது இதனால்தான். ஆகவே 1940களின் டிராக்டர் ஒன்றில் இன்று காணப்படும் சைலன்சர் தொழிற்சாலையில் பொருத்தியதாக இருப்பது அபூர்வம். பழைய டிராக்டரைப் புதுப்பிப்பவர் முதலில் கேட்கவேண்டியது, அந்த வண்டியில் குழாய் எந்தப் பக்கம் போனது, ஏன் அப்படிப் போனது என்பதைத்தான்.

என்ஜினின் புகைவால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த வாயு ஒரே வீச்சில் வெளிக்காற்றில் மோதுவதுதான் வெடியோசை. வாயுவைத் துளையிட்ட குழாய்கள், அறைகள் வழியாகத் திருப்பித் திருப்பி விட்டு, வீச்சின் வேகத்தைப் பிரித்துவிட்டால் ஓசை அடங்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் இத்தகைய கருவிக்கு 1897 மே 11 அன்று காப்புரிமை பெற்றனர். அறைகள் கூடினால் ஓசை குறையும். ஆனால் வாயு வெளியேற வழி நெருங்கி, என்ஜின் தன் புகையைத் தானே தள்ளுவதற்கு ஆற்றலைச் செலவிடும். ஓசைக்கும் ஆற்றலுக்கும் இடையிலான இந்தப் பேரம் இன்றுவரை தீரவில்லை.

தொடக்ககால டிராக்டர்களைச் செய்தவர்கள் இதில் ஆற்றலின் பக்கமே நின்றார்கள். இந்தியானாவின் லா போர்ட்டில் 1910 முதல் உருவான ரூம்லி ஆயில்புல் டிராக்டர், புகையை வீணாக்காமல் வேலை வாங்கியது. என்ஜினைக் குளிர்விக்க அதில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடியது. முன்புறம் பெட்டிக் கோபுரம்போல் ஒரு ரேடியேட்டர் நின்றது. புகைக்குழாய் அந்தக் கோபுரத்துக்குள் மேல்நோக்கித் திறந்தது. விரைந்தேறும் புகை பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போனதால் விசிறியே தேவைப்படவில்லை. பாரம் கூடக்கூடப் புகையும் கூடும்; குளிர்ச்சியும் தானே கூடும். பண்ணைப் பொறியியலில் இதற்கு நிகரான சிக்கனமான யோசனைகள் அதிகமில்லை. ஜான் டீர் நிறுவனம் 1923இல் கொண்டுவந்த டி மாடலில் படுக்கைவாட்டில் இரண்டே சிலிண்டர்கள். அவை சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. அந்தத் தடுமாறும் தாளத்தை வைத்தே, எந்த டிராக்டர் வருகிறது என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அடையாளம் கண்டார்கள். ஜெர்மனியின் மான்ஹைமில் 1921இல் தொடங்கிய லான்ஸ் புல்டாக் வரிசையில் ஒற்றைச் சிலிண்டர்தான். அதன் அடி இன்னும் கனமானது.

சைலன்சரின் இடம் உண்மையான கேள்வியானது 1939இல், ஃபோர்டு 9என் வந்தபோது. ஹென்றி ஃபோர்டும் ஹாரி பெர்குசனும் 1938இல் எழுத்தில்லாமல் கைகுலுக்கிச் செய்த உடன்படிக்கையில் பிறந்த டிராக்டர் அது. ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளளவில் நான்கு சிலிண்டர் என்ஜின், தாழ்ந்த பானெட், பின்புறம் ஹைட்ராலிக்கால் இயங்கும் மூன்றுமுனை இணைப்பு. புகைக்குழாய், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டிலிருந்து கீழே வளைந்து, ஓட்டுநரின் காலடிக்குக் கீழாகப் பின்னோக்கிப் போனது. பழத்தோட்டங்களில் இது பெரிய வசதி: தாழ்ந்த கிளைகளில் இடிக்கவும் இல்லை, இலைகளைக் கருக்கவும் இல்லை. ஓட்டுநரின் முகத்திலும் புகை அடிக்கவில்லை. ஆனால் அறுவடை முடிந்த கோதுமை வயலில், காய்ந்த தாளுக்கு ஒரு முழ உயரத்தில் சூடான சைலன்சர் போவது தீயை அழைத்துக்கொண்டு போவதற்குச் சமம். எனவே வைக்கோலிலும் புல்லிலும் வேலை செய்தவர்கள் நிமிர்ந்த குழாய் இணைப்பை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் உருவான 8என் டிராக்டர்களிலும் இரு வகையையும் காணலாம்.

பின்னர் ஃபோர்டு குடும்பத்தோடு பிரிந்துவிட்ட பெர்குசன், அதற்கு முன்பே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் டிஇ20 டிராக்டரைச் செய்வித்தார். சாம்பல்நிறச் சிறு பெர்கி என்று பிரிட்டனில் இன்றும் அன்போடு பேசப்படுவது இதுதான். 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேல் உருவாயின. இதிலும் படுத்த குழாய், நிமிர்ந்த குழாய் இரண்டும் உண்டு. போருக்குப் பிந்திய பிரிட்டனில் வரி குறைந்த மண்ணெண்ணெய் போன்ற டிராக்டர் எண்ணெயில் ஓடும் வகையும் வந்தது. அந்த எண்ணெய் ஆவியாவதற்கு மேனிஃபோல்டின் சூடு வேண்டும். சைலன்சர் மாற்றும்போது சூடுகாக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு மறந்தால், எரியாத எண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

இந்த மரபின் அடுத்த கிளை சென்னைக்கு வந்தது. பெர்குசனின் நிறுவனம் 1953இல் மாசி ஹாரிஸுடன் இணைந்து, 1958 முதல் மாசி பெர்குசன் ஆனது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செம்பியத்தில் தயாரித்தது. சிம்ப்சன் நிறுவனத்தின் டீசல் என்ஜின்கள் அவற்றுக்கு உயிர் கொடுத்தன. நஞ்சை நிலத்தில் படுத்த குழாய்க்கு வேலையே இல்லை. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் தொளி கலக்கும்போது அச்சு வரை சேறு ஏறும். அடியில் தொங்கும் சைலன்சர் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். நம் ஊர்களில் டிராக்டர் என்றாலே பானெட்டுக்கு மேல் நிற்கும் கருங்குழாயே மனத்தில் எழுவதற்கு இந்த நிலமும் ஒரு காரணம். நிமிர்ந்த குழாயின் பகை மழை. வாயில் கீல்வைத்த மூடி இல்லையென்றால் மழைநீர் நேரே இறங்கி மேனிஃபோல்டுக்கும் வால்வுக்கும் போகும். மூடி உடைந்தவர்கள் இரவில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவைப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அது முழுக்கச் சரியான வேலைதான், காலையில் எடுக்க மறக்காதவரை.

ஓட்டுநரின் காதைப் பற்றிச் சட்டங்கள் மிகத் தாமதமாகவே கவலைப்பட்டன. 85 டெசிபலுக்கு மேல் நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டால் செவித்திறன் குறையும் என்பது இன்றைய மருத்துவ அளவுகோல்; சைலன்சர் ஓட்டையான பழைய டிராக்டர் அதை எளிதில் தாண்டும். பிரிட்டனில் 1976 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரின் காதருகே ஒலி 90 டெசிபலுக்குள் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அதற்காக வந்த ஒலியடக்கிய கூண்டுகளைப் பண்ணைக்காரர்கள் கியூ கேப் என்றார்கள். அதற்கு முன்பே 30, 40 ஆண்டுகள் திறந்த இருக்கையில் உழுத தலைமுறைக்கு அந்த விதியால் எந்தப் பயனும் இல்லை.

மாற்றுச் சைலன்சர் பொருத்துவதில் கடினமான பகுதி, பழையதைக் கழற்றுவது. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, அதில் திருகியிருக்கும் ஸ்டட்கள் பல்லாண்டுச் சூட்டில் துருவோடு ஒன்றாகிப்போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரில் நெம்பினால் ஸ்டட் உடைந்து உள்ளேயே தங்கும். பிறகு துளையிட்டு எடுத்து மரை வெட்டவேண்டும். அனுபவசாலிகள் முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். அசையாத நட்டைச் சூடேற்றுவார்கள். ஒரேயடியாகத் திருப்பாமல் சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, அப்படியே வெளியே கொண்டுவருவார்கள். சூடேற்றும்போது பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருப்பதை மறக்கக்கூடாது. மேனிஃபோல்டின் முகம் அரித்தோ வளைந்தோ இருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்தாமல் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. திரும்பப் போடும்போது பித்தளை நட்டு போடுவது நல்லது. அது துருவில் சிக்காது.

புதிய சைலன்சரை முதலில் எல்லா இணைப்பிலும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இழுபடாமல் தானாக உட்காரும் நிலை கண்ட பிறகே மேனிஃபோல்டுப் பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்கவேண்டும். படுத்த குழாயில் நடுத்தாங்கியை விட்டுவிட்டால் முழுப் பாரமும் மேனிஃபோல்டில் தொங்கி, அதிர்வில் அதைக் கீறிவிடும். சிறு கம்பியை மிச்சம்பிடித்து விலை மிகுந்த வார்ப்பை இழப்பது இப்படித்தான். சைலன்சரின் அடிப்பக்கத்தில் சிறு வடிதுளை இருந்தால் அது கீழ்நோக்கியே அமையவேண்டும். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்வதென்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

கசிவைச் சோதிக்க ஏற்ற நேரம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. திறந்த வெளியில் கிளப்பி, இணைப்பைத் தொடாமல் அருகே கையை நீட்டினால் கசியும் காற்று தட்டுப்படும்; சில மணி நேரம் ஓடிய பின் கசியும் இடத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும். கொட்டகைக்குள் இந்தச் சோதனை கூடாது. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதல் வெப்பத்தில் புதுப் பெயின்ட் புகைவது இயல்பு. ஓரிரு நாள் உழவுக்குப் பிறகு, என்ஜின் ஆறியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கினால் வேலை முடிந்தது.