அதிர்ஷ்டம் எல்லாம் வாய்த்தவன்

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் (1915–2005) எழுதி பிராட்வேயில் மேடையேறிய முதல் நாடகம். மூலத் தலைப்பு 'தி மேன் ஹூ ஹேட் ஆல் தி லக்'. மூன்று அங்கங்கள் கொண்டது. 1944 நவம்பர் 23 அன்று நியூயார்க்கின் ஃபாரஸ்ட் அரங்கில் தொடங்கி, 25ஆம் தேதி நான்காவது காட்சியோடு நின்றுபோனது. பிறகு பல பத்தாண்டுகள் அதைப் பார்த்தவர்களைவிட, மில்லரின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகப் படித்தவர்களே அதிகம். ஆனால் அப்பனும் இரண்டு பிள்ளைகளும் என்கிற மில்லரின் நிரந்தரக் குடும்பம் பிராட்வேயில் முதன்முதலாகக் குடியேறியது இந்த நாடகத்தில்தான்.

கதையின் விதை மில்லரின் முதல் மனைவி மேரி ஸ்லாட்டரியின் உறவு வட்டத்திலிருந்து வந்தது. 1940இல் மணமான மேரி ஒஹாயோ மாநிலத்துக்காரர். அந்தப் பக்கத்தில் ஓர் இளைஞன், தொட்டதெல்லாம் துலங்கியது. பொருளாதார மந்தத்தில் ஊரே துவண்டு கிடந்தபோது அவன் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் தூக்கில் தொங்கினான். ஏன் என்பது மில்லரை விடவில்லை. முதலில் அதை நாவலாக எழுதினார், பதிப்பாளர் கிடைக்கவில்லை. அதே பொருளை நாடகமாக மாற்றத் தொடங்கினார்.

மந்தம் மில்லருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. தந்தை இசிடோர் பெண்களுக்கான மேலங்கிகள் தைக்கும் தொழிற்சாலை நடத்தியவர். 1929 பங்குச்சந்தைச் சரிவில் அது நொடித்தது. ஹார்லெமில் வசதியாக வாழ்ந்த குடும்பம் புரூக்ளினில் ஒரு சிறு வீட்டுக்குள் ஒடுங்கியது. அண்ணன் கெர்மிட் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தைக்குத் தோள்கொடுத்தார். தம்பி ஆர்தர் கார் உதிரிபாகக் கிடங்கில் வேலைசெய்து காசு சேர்த்து, 1934இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். ஒரே வீட்டில் ஒருவன் நின்றான், ஒருவன் கிளம்பினான். பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுதி ஹாப்வுட் பரிசு பெற்ற 'நோ வில்லன்' என்ற மாணவ நாடகத்திலேயே மேலங்கித் தொழிற்சாலை முதலாளியும் அவர் மகன்களும் வந்துவிட்டார்கள். (அந்த நாடகம் தொழில்முறை மேடையைக் காண 2015 வரை காத்திருந்தது, அதுவும் லண்டனில்.)

இருந்தும், பிராட்வேக்கு எழுதியபோது குடும்பம் உடனே உள்ளே வரவில்லை. நாவலில் முக்கியமான இரு இளைஞர்களும் நண்பர்கள். நாடகமாக்கும்போது ஏதோ பொருந்தாமலே இருந்தது. இவர்கள் நண்பர்கள் அல்லர், ஒரு தந்தைக்குப் பிறந்த சகோதரர்கள் என்று திடீரென விளங்கியதாகவும், அப்போதுதான் தன் உண்மையான பொருள் கையில் சிக்கியதாகவும் மில்லர் பின்னாளில் எழுதினார்.

நாடகம் நடப்பது அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு சிற்றூரில். மெக்கானிக் டேவிட் பீவ்ஸ் முறையாகத் தொழில் கற்றவனல்லன், கைராசியில் ஓடுகிறது. அவன் ஹெஸ்டரை மணக்க அவள் தந்தை ஃபால்க் குறுக்கே நிற்கிறார்; இருட்டில் கார் மோதி அவர் இறக்கிறார். பணக்கார வாடிக்கையாளரின் காரில் கோளாறு எங்கே என்று டேவிட்டுக்குப் பிடிபடவில்லை. இரவில் வந்து சேரும் ஆஸ்திரிய மெக்கானிக் குஸ்தாவ், டேவிட் தூங்கும்போது அதைச் சரிசெய்கிறான். பெயர் டேவிட்டுக்கு. புதிய நெடுஞ்சாலைகூட அவன் பெட்ரோல் நிலையத்தை ஒட்டியே வருகிறது. சுற்றிலும் இருப்பவர்களுக்கோ ஆளுக்கொரு அடி: ஷோரிக்குக் கால்கள் இல்லை, கடைக்காரர் ஃபெல்லருக்குப் பிள்ளை இல்லை, கெட்டிக்கார குஸ்தாவின் பட்டறையே மூடப்பட்டு அவன் டேவிட்டிடம் கூலிக்கு வருகிறான். தனக்கு மட்டும் விதிவிலக்கு இருக்க முடியாது, கணக்குத் தீர்க்கும் நாள் வரும் என்ற பயம் டேவிட்டை அரிக்கிறது. பிறக்கப்போகும் குழந்தையைத்தான் விதி கேட்கும் என்று நம்புகிறான். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததும் பயம் குறைவதற்குப் பதிலாக முற்றுகிறது. திருஷ்டி கழிக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இந்தப் பயத்தை விளக்க ஒரு நாடகம் தேவைப்படாது. உழைத்தவனுக்கே பலன் என்று நம்பிய நாட்டுக்கு அது தேவைப்பட்டது.

நாடகத்தின் உயிர் டேவிட்டின் அதிர்ஷ்டத்தில் இல்லை, அவன் சகோதரன் ஏமஸின் தோல்வியில் இருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. தந்தை பாட் பீவ்ஸ் ஏமஸைப் பேஸ்பால் பந்தெறிவீரனாக்கத் தீர்மானித்து, சிறுவயது முதல் வீட்டின் நிலவறையில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார். பனியானாலும் மழையானாலும் பந்து இலக்கைத் தவறாது. கடைசியில் டெட்ராய்ட் அணிக்கு ஆள் தேடுபவர் வந்து பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறார். வீச்சில் குறையில்லை, ஆனால் எதிரணியினர் களத்தின் மூலைகளில் நின்று ஓடத் துடிக்கும்போது ஏமஸ் தடுமாறிப்போகிறான். நிலவறையில் அவனுக்குப் பின்னால் எப்போதும் சுவர்தான் இருந்தது. முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று உணரும் புலனே அவனுக்கு வளரவில்லை. அப்பாவின் அக்கறையே அவனைக் கெடுத்தது. ஐந்தாண்டு கழித்து 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் வில்லி லோமன் தன் மகன் பிஃபின் கால்பந்தாட்டத் திறமையைக் கொண்டாடிக் கொண்டாடியே அவனைக் குலைக்கும்போது, அந்த நிலவறையின் வாசனை வருகிறது.

நாடகத்தை இயக்கிய ஜோசஃப் ஃபீல்ட்ஸ் 'மை சிஸ்டர் ஐலீன்' போன்ற நகைச்சுவைகளுக்குப் பெயர்போனவர். டேவிட்டாக நடித்தவர் கார்ல் ஸ்வென்சன். யதார்த்தக் குடும்ப நாடகமா, நீதிக்கதையா, நகைச்சுவையா என்று விமர்சகர்களுக்குப் பிடிபடவில்லை. மில்லராலேயே ஒரு காட்சிக்கு மேல் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. முடிவும் அவரைப் படுத்தியது. நாவலில் நாயகன் தற்கொலை செய்துகொள்கிறான். மேடையில் அவனை உயிரோடு விட்டார். வாழ வைத்தாலும் அவன் பயத்துக்கு மருந்து எது என்று மில்லருக்குத் தெளிவாகவில்லை என்பது நாடகத்தைப் படிக்கும்போதே புலப்படும்.

தோல்விக்குப் பிறகு அவர் நாடகத்தை விட்டு விலகி 'ஃபோகஸ்' (1945) என்ற நாவலை எழுதினார். இன்னும் ஒரே ஒரு நாடகம், அதுவும் விழுந்தால் வேறு வேலை என்று முடிவுசெய்துகொண்டு எழுதியது 'ஆல் மை சன்ஸ்'. அதன் கதைக்கருவும் மனைவி வீட்டார் வழியாக ஒஹாயோவிலிருந்தே கிடைத்தது: பழுதான விமான உறுப்புகளைப் போருக்கு விற்ற ஒரு தந்தை, அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை. 1947 ஜனவரியில் எலியா கஸான் இயக்கத்தில் மேடையேறி 328 காட்சிகள் ஓடியது. அரங்கின் பெயர் கோரனெட். 1945இல் பெயர் மாற்றப்பட்ட அதே ஃபாரஸ்ட் அரங்கம்தான்.

முதல் நாடகத்தின் பிரதி 1944இலேயே எட்வின் சீவர் தொகுத்த 'கிராஸ் செக்ஷன்' தொகுப்பில் அச்சாகியிருந்தது. அதைத் தேடிப் படித்தவர்கள் சிலரே. 1989இல் லண்டனில் 'தி கோல்டன் இயர்ஸ்' நாடகத்தோடு சேர்ந்து நூலாக வந்தது. மறுஆண்டு பிரிஸ்டல் ஓல்ட் விக் அதை மேடையேற்றியது. அமெரிக்காவில் 2001 கோடையில் வில்லியம்ஸ்டவுன் விழாவில் ஸ்காட் எல்லிஸ் இயக்க, கிறிஸ் ஓ'டானல் டேவிட்டாக நடித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அந்தத் தயாரிப்பே பிராட்வேக்கு வந்தது. அப்போது மில்லருக்கு வயது 86. அந்த முறை ஆட்டம் நான்கு காட்சிகளோடு நிற்கவில்லை. ஜூன் இறுதிவரை போனது. குஸ்தாவாக நடித்த சாம் ரோபார்ட்ஸின் பெயர் டோனி விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 2008இல் லண்டன் டான்மார் வேர்ஹவுஸிலும் நாடகம் நடந்தது.